மொக்கையன் செய்

பசலி ஆயிரத்து இருநூற்று எண்பத்தாறு.
கட்டைப் பிரிக்குமுன் ஜெசிந்தா
மூக்கில் கைக்குட்டை கட்டச் சொன்னாள்.
எலிப்புழுக்கையும் வேப்பிலைத் தூளுமாய்
கலெக்டர் ஆபீஸ் மேசையில் கொட்டியது
நொச்சிக்குளத்தின் கிஸ்தி.

நான் வரிக்கணக்கு எழுதுகிறவள்.
டவுன்ஹால் ரோட்டில் ஒன்பது ஜவுளிக்கடை,
இரண்டு அல்வாக்கடை,
மாதம் இருபதாம் தேதிக்குள் ஜிஎஸ்டி.
எந்தக் கட்டத்தில் எது ஒளியும் என்று
எனக்குத் தெரியும்.
ஆனாலும் இந்த எழுத்து!
புள்ளி வைக்காத மெய்கள்,
காலா ரகரமா என்று சொல்லாத கோடு,
வரிக்கு வரி ஒரு ௸.
மேற்படியான், மேற்படியான் என்று
ஊரே ஒரே ஆளாய் நடந்து போகிறது.

தேடி வந்தது மொக்கையனை.
கண்மாய்க்குக் கீழே எங்கள் மூன்று மா நிலத்துக்கு
பட்டாவில் ஒரு எண், வாயில் அவர் பெயர்.
"மொக்கையன் செய்க்குத் தண்ணி பாஞ்சிருச்சா?"
தைப்பொங்கலுக்கு முதல் இலை அவருக்கு.
தம்பிக்கு மொக்கையராஜ் என்று வைத்தார்கள்,
அந்தச் சொல் சினிமாவில் கெட்டுப்போன வருஷங்களில்
அவன் பள்ளிக்கூடம் போனான்.

இப்போது நாலுவழிச்சாலை வருகிறது.
ஆட்சேபணை உண்டா என்று ஒரு நோட்டீஸ்.
மூலம் எங்கே என்றார் தாசில்தார்.
அப்பா தவசியப்பன், அவருக்கு அப்பா கருத்தான்,
அவருக்குப் பெத்தணன்.
பெத்தணனுக்கு அப்பா மொக்கையன்.
இருக்கவேண்டும். கணக்கு அப்படித்தான் வருகிறது.

பைமாஷ் நம்பர் நாற்பத்தேழு.
மொக்கையன். நஞ்சை மூன்று மா.
தீர்வை ரூபாய் ஏழு, அணா பத்து.
விளைவு: சாவி.
தள்ளுபடி: இல்லை.
வரவு ஆறணா. இரண்டு மாதம் கழித்து ஓரணா.
அப்புறம் வரவுக் கட்டத்தில் வெறும் கோடு.

அந்த ஓரணாவுக்கு
வீட்டில் எதை விற்றிருப்பார்கள்?
விரலை அந்த இடத்திலேயே வைத்திருந்தேன்.
"பக்கத்தைத் திருப்புங்கக்கா, நேரமாகுது."

திருப்பினேன்.
தண்டோரா போட்டு ஏலம்.
ரூபாய் பதினொன்று அணா நாலு.
எடுத்தவன், பெத்தணன்.

மூன்று தடவை படித்தேன்.
தகப்பன் பெயர் வேறு, வீட்டு வரிசை வேறு.
ஓரத்தில் கணக்கப்பிள்ளையின் அவசரக் கை:
"மொக்கையன் பெண்சாதி மக்கள் ௨ சகிதம்
தொண்டி வழியாய் இலங்கைக் கரைக்குப்
போனதாய்க் கேள்வி. வீடு பாழ்.
ஆட்சேபணை யாருமில்லை."

யாருமில்லை.
தாது வருஷப் பஞ்சத்தில்
பெத்தணன் கையில் பதினொன்றேகால் ரூபாய்
எப்படி வந்தது என்று
இந்தக் கட்டு சொல்லாது.
அவன் உழுதான், வரப்பு போட்டான், கிஸ்தி கட்டினான்,
பட்டாவில் பெயர் மாற்றினான்.
வாய்களில் மாற்ற முடியவில்லை.
அவன் காதில் விழவென்றே யாரோ சொல்லியிருப்பார்கள்
மொக்கையன் செய், மொக்கையன் செய் என்று.
குத்திக்காட்டிய பேச்சு மூன்று தலைமுறை தாண்டி
எங்களுக்குக் குலப்பெருமை ஆகிவிட்டது.
இலை போட்டோம். பிள்ளைக்குச் சூட்டினோம்.

தம்பியின் போன் மேசையில் அதிர்ந்து
தூளில் ஒரு வட்டம் போட்டு அடங்கியது.

"கிடைச்சிட்டாரா உங்க ஆளு?
நகலுக்கு ஏலப் பக்கம் ஒண்ணு போதும்க்கா.
நஷ்டஈடு வந்துரும்."
இரண்டு பக்கமும் வேண்டும் என்றேன்.
அப்படியென்றால் மனுவில்
இரண்டு பெயரும் எழுதவேண்டுமாம்,
நேரே உறவும்.

பெத்தணன், கொள்ளுத்தாத்தா.
அடுத்த வரி மொக்கையன்.
காலியாக விட்டால் மனு திரும்பி வரும்.
ஐந்தரை மணி. சாவிக்கொத்தோடு நிற்கிறாள்.
மாட்டுத்தாவணி பஸ் ஒன்று வெளியே விடாமல் அலறுகிறது.

காலையிலிருந்து பார்த்துப் பார்த்து
கைக்குப் பழகிவிட்ட அந்தச் சுழியைப் போட்டேன்:
௸